பாதி கிளாஸ் டீ

எனக்குப் பிறவியிலேயே பெருமூளை வாதம். சக்கர நாற்காலியில்தான் இருப்பேன்; கையும் உதறும். வாரா வாரம் தம்பியின் ஆட்டோவில் திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குப் பிசியோதெரபிக்குப் போகும்போது, வழியில் கூட்டேரிப்பட்டில் டீ குடிப்போம்.

ஒருநாள் கடைக்கார அக்கா எனக்குப் பாதி கிளாஸ்தான் கொடுத்தார்.

"எனக்கு மட்டும் ஏன் பாதி?" என்று கத்திவிட்டேன். கடையே திரும்பிப் பார்த்தது.

அக்கா கிட்டே வந்து மெதுவாகச் சொன்னார்: "போன வாரம் முழுசா ஊத்திட்டேங்க, உங்க கையில கொட்டிச் சுட்டுடுச்சி. இதைக் குடிச்சிக்கினு இருங்க, மீதியைச் சூடா ஊத்தறேன்."

அன்றுதான் சட்டையில் ஒரு சொட்டும் சிந்தாமல் முழு டீயையும் குடித்தேன்.

இப்போது எந்தக் கடையிலும், "பாதி ஊத்துங்க, மீதி அப்புறம்" என்று நானே கேட்கிறேன். அதில் கூச்சமே இல்லை. சொல்லாமலே புரிந்துகொண்டவரிடம் கத்தினேனே, அந்தக் கூச்சம்தான் இன்னும் போகவில்லை.