வால்நட் தரையும் வெள்ளிக்கிழமை வாளியும்

நிவித்திகல கடைத்தெருவில் எங்கள் துணிக்கடைக்கு மேலே வீடு கட்டியபோது, தரைக்கு வால்நட் பலகைதான் என்று என் கணவர் ஒரே பிடியாக நின்றார். முழு மரமா, அல்லது அடியில் ஒட்டுப் பலகையும் மேலே மெல்லிய வால்நட்டும் வைத்ததா? இதைப் பேசியே ஒரு மாதம் ஓய்ந்துபோனோம்.

“இந்த ஊரு மழை ஈரத்துக்கு முழு மரம் நெளிஞ்சிடுங்க. ஒட்டுப் பலகை அசையாது” என்றார் வியாபாரி. அதையே வாங்கினோம்.

பலகை பதித்த பிறகு முதல் வெள்ளிக்கிழமை வந்தது. விளக்கேற்றுமுன் வீடு கழுவ வேண்டுமே! கணவர் மஞ்சள் தண்ணீரை வாளி வாளியாகத் தூக்கி வந்தார். நான் ஊற்றி ஊற்றித் தேய்த்தேன். இருவருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை.

மறு வாரமே பலகை விளிம்புகள் உப்பிக் காலில் தட்டின. பதித்துக் கொடுத்த சிங்களத் தச்சரை, எல்லோரும் ‘பாஸ்’ என்று அழைப்பவரை, கூப்பிட்டோம். “மேக்கட வத்துர தெம்மாத, நோனா?” என்றார். இதன்மேல் தண்ணீரா ஊற்றினீர்கள் என்று கேட்கிறார்.

“ஊத்தாம எப்படிங்க வீடு கழுவுறது?” என்று கணவரைப் பார்த்தேன். முழு மரமும் இதைத் தாங்காது என்று சொல்லிவிட்டு, கெட்ட பலகைகளை மாற்றினார் பாஸ்.

இப்போது வெள்ளிதோறும் பிழிந்த துணியோடு முட்டிபோட்டுத் துடைக்கிறேன். இடுப்பு விட்டுப்போகிறது. மாவனல்லையில் வீடு கட்டும் என் தங்கை, எந்தப் பலகை நல்லது என்று போன வாரம் கேட்டாள்.

“பலகை கெடக்கட்டும். வெள்ளிக்கிழமை யாரு குனிஞ்சு தொடைக்கப்போறா? அத மொதல்ல முடிவு பண்ணு” என்றேன்.