மாடியில் கேட்ட குலவை

கரியாஹாட் சந்துக்குள் எங்கள் இட்லிக் கடை இருக்கும் வீட்டின் இரண்டாவது மாடியை ஒரு லூத்தரன் சபையின் ஆராதனைக்கு வாடகைக்குப் பேசிக் கொடுத்தது நான்தான். எத்தியோப்பியாவிலிருந்து வந்த ஒரோமோ மக்கள். படிக்க வந்து இங்கேயே வேலை தேடிக்கொண்டவர்கள், அவர்கள் மனைவிமார், எல்லோரையும் சேர்த்தாலும் ஒரு பஸ் நிறையாது. சத்தம் அதிகம் என்று ஏற்கெனவே இரண்டு இடங்களில் வெளியே அனுப்பிவிட்டார்கள். இதையும் விட்டால் போக இடமில்லை. முதல் மாடியில் குடியிருக்கும் வீட்டுக்காரரின் மகன் சாவியைக் கொடுத்தபோதே, "ஒரு புகார் வந்தாலும் காலி பண்ணணும், பௌதி" என்றார். வங்காளத்தில் பௌதி என்றால் அண்ணி. உறவு கொண்டாடிக்கொண்டே கழுத்தைப் பிடிப்பதில் அவர் கெட்டிக்காரர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாடியில் ஞானஸ்நானம். இந்த ஊரில் அவர்களுக்குப் பிறந்த முதல் குழந்தை. தண்ணீருக்கு எங்கள் சாம்பார் வாளியைத்தான் கொடுத்திருந்தேன். எவ்வளவு தேய்த்தும் பெருங்காய வாசம் போகவில்லை.

ஆராதனை பாதியில் இருக்கும்போது ஆஸ்பத்திரியிலிருந்து வண்டி வந்தது. அங்கே படுத்திருந்த வீட்டுக்காரப் பெரியவர் தவறிவிட்டார். உடலை முற்றத்தில் இறக்கினார்கள். என் கணவர் அடுப்பை அணைத்தார்.

"வெரசா மேல போ. குலவை போட்டுரப் போறாவ."

மகிழ்ச்சி வந்தால் அந்தச் சபைப் பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குலவையிடுவார்கள். நம் ஊரில் முளைப்பாரி எடுக்கும்போது கேட்குமே, அதேதான். வங்காளிகளும் கல்யாணத்துக்கும் பூஜைக்கும் இடுவார்கள். சாவு வீட்டில் மட்டும் கூடவே கூடாது.

முழங்காலைத் திட்டிக்கொண்டே படியேறினேன். பாஸ்டர் குழந்தையின் தலையில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். வாசலில் நின்று வேண்டாம் என்று கையை ஆட்டினேன். வாழ்த்துகிறேன் என்று நினைத்து ஒருத்தி சிரித்தாள். அடுத்த நொடி குலவை எழுந்தது. கீழே அழுகை சட்டென்று நின்றது. அந்த அமைதியை நினைத்தால் இப்போதும் பயமாக இருக்கிறது.

மகன் ஏறி வந்தார். கத்தியிருந்தால் தேவலை. "அப்பா கீழ கிடக்கிறார். சாயங்காலத்துக்குள்ள காலி பண்ணுங்க" என்று இந்தியில் மெதுவாகச் சொல்லிவிட்டு இறங்கினார்.

பாஸ்டர் அவர் பின்னால் ஓடி மன்றாடுவார் என்று நினைத்தேன். என் பக்கம் திரும்பினார். முகம் இறுகியிருந்தது.

"ஒரே வீட்ல சாவு. எங்களுக்கு ஏன் உடனே ஆள் அனுப்பல?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இடம் போகிறதே என்று நான் பதறுகிறேன், இவர் துக்கம் சொல்லி விடவில்லை என்று சண்டைக்கு நிற்கிறார்.

நாற்காலிகளையும் மேளத்தையும் இறக்கிச் சந்தில் அடுக்கினார்கள். உடலை எடுத்தபோது சபை ஆண்கள் பின்னால் நடந்தார்கள். பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டு முற்றத்தில் பெரியவரின் மனைவியைச் சுற்றித் தரையில் உட்கார்ந்தார்கள். துக்கப்பட்டவரைத் தனியே விட்டுப் போவது அவர்கள் ஊரில் பெரும் தப்பாம். குழந்தையின் தாயும் ஞானஸ்நானத்துக்கு உடுத்திய வெள்ளைத் துணியோடு உட்கார்ந்தாள். தெருவில் எதற்கும் பஞ்சாயத்துக்கு வரும் கிளப் ஆட்கள் எதிரில் நின்று முறைத்தார்கள். யாராவது கை வைத்தால் என்ன செய்வது என்று கரண்டியைக் கீழே வைக்காமல் நின்றேன்.

பொழுது சாய்வதற்குள் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக ஹவுராவில் ரயில் பிடிக்கக் கிளம்பிவிட்டார்கள். இந்தப் பெண்கள் மட்டும் எழுந்திருக்கவில்லை.

மகன் சுடுகாட்டிலிருந்து திரும்பினார். இங்கத்து வழக்கப்படி நெருப்பையும் இரும்பையும் தொட்டுவிட்டு உள்ளே வந்தவர், பெண்களைப் பார்த்து நின்றார்.

"இன்னும் போகலையா? சாமான் ஏத்த வண்டி நான் வரச் சொல்றேன்."

பின்னால் வந்த பாஸ்டர் சரியென்று தலையசைத்தார். பெரியவரின் மனைவி குழந்தையின் தாய் தோளில் தலை சாய்த்திருந்தார். நிமிராமலே வங்காளத்தில் சொன்னார்.

"இவங்களும் போயிட்டா ராத்திரி என்கூட யாருடா இருப்பா?"

மகன் ஈர வேட்டியோடு சந்துக்குப் போய், சபை நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு இரண்டாவது மாடிக்குப் படியேறினார்.