வடக்குச் சுவரில் ஒரு கல்

டேப்பின் பூஜ்ஜிய முனையைப் பெரியம்மாள் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். மறுமுனையோடு மகள் இசைவாணி பின்வாசல் மூலைக்குப் போனாள். மழையில் விறகு நனைகிறது. தகரக் கொட்டகை இறக்க வேண்டும். பன்னிரண்டடி நாலங்குலம். அதைக் கைபேசியில் குறித்துக்கொண்டிருந்தபோது அம்மா மறுபடி ஆரம்பித்தாள்.

"அந்தக் கல்லப் பத்தி எழுதிக் குடுக்கறேன்னியே, இன்னாடி ஆச்சு?"

"எழுதறேன்னு சொல்லலம்மா. பாக்கறேன்னு சொன்னேன்."

"ரோடு போடறதுக்கு மட்டும் பக்கம் பக்கமா எழுதற."

"அது என் வேல."

"இது என் வேல. டேப்ப வுடட்டா?"

அது ஞாயிற்றுக்கிழமை. அன்று மாலையே இசைவாணி சேலத்துக்கு, தான் சர்வேயராக இருக்கும் சாலை கம்பெனிக்குத் திரும்பிவிட்டாள். அடுத்த சனிக்கிழமை, மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குப் போகும் கரும்பை வெட்டிக்கொண்டிருந்த பெரியம்மாள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தாள். எழவில்லை. வயது ஐம்பத்தாறு.

அவளுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. சிறுமியாக இருந்தபோது பிறத்தியார் ஆடுகளை மேய்த்தாள். ரிஷிவந்தியத்துக்குத் தெற்கே உள்ளடங்கிய அந்த ஊரில், ஏரிக்கரைச் சிவன் கோயிலின் வடக்குச் சுவர் நிழலில்தான் ஆடுகள் படுத்துக் கிடக்கும். அவள் தெருக்காரர்கள் கோயிலுக்குள் போவதில்லை. போகக்கூடாது என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. போனால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும், அவ்வளவுதான். வெளிச்சுவருக்கு யாரும் காவல் போடவில்லை. அதில் இடுப்பு உயரத்தில் எழுத்து வெட்டிய கல் ஒன்று இருந்தது. படிக்கத் தெரியாத பெரியம்மாள் அதை விரலால் தடவித் தடவியே பழகினாள்.

ஒரு நாள் மையும் தாளும் கொண்டுவந்து இரண்டு பேர் அந்த எழுத்துகளைப் படி எடுத்தார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று அவள் கேட்டாள். ஒரு பெண் தொண்ணூற்றாறு ஆடு கொடுத்து இந்தக் கோயிலில் ஒரு விளக்கு அணையாமல் எரிய ஏற்பாடு செய்தாளாம். அந்தப் பெண்ணின் பேர் இருந்த இடம் உடைந்து போயிருந்தது. அன்று பெரியம்மாள் மேய்த்தது பதினோரு ஆடு. இந்தக் கதையை அவள் இசைவாணிக்கு எத்தனை முறை சொன்னாள் என்பதற்குக் கணக்கில்லை.

மூன்று வருடத்துக்கு முன் திருப்பணி தொடங்கியது. பெரியம்மாள் சித்தாளாகச் சேர்ந்தாள். சுவரைக் கல் கல்லாகப் பிரித்துத் தென்னந்தோப்பில் அடுக்கினார்கள். எந்தக் கல் எந்த இடம் என்று எண் போட வேண்டியவன் சூப்பர்வைசர் அன்புச்செல்வன். பெயின்ட் வந்ததும் அழுத்தமாக எழுதிக்கொள்ளலாம் என்று சாக்பீஸால் எழுதினான். பெயின்ட் வரவில்லை. ஆடி வெள்ளி வந்தது.

தோப்பில் நாய் திரிந்தது, கோழி எச்சமிட்டது. சாமி கல் இப்படிக் கிடக்கலாமா என்று சித்தாள் பெண்கள் ஏரித் தண்ணீர் மொண்டுவந்து ஒவ்வொரு கல்லாகத் தேய்த்துக் கழுவினார்கள். மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தார்கள். பிறந்ததிலிருந்து எட்டி நின்று கும்பிட்ட கல்லை அன்றுதான், சுமையாக இல்லாமல் சாமியாக, கைநிறையத் தொட்டார்கள். முதல் குடம் பெரியம்மாளுடையது. எண்கள் தண்ணீரோடு போய்விட்டன.

அன்புச்செல்வன் மறுநாள் தலையில் அடித்துக்கொண்டான். மேலே யாருக்கும் சொல்லவில்லை. நீள அகலம் பார்த்துப் பொருந்தியதைப் பொருந்திய இடத்தில் வைத்தான். எழுத்துக் கல்லைத் தூக்கியபோது கலவைச் சட்டியோடு நின்ற பெரியம்மாள் கத்தினாள்.

"சாரு, எழுத்து உள்ள போவுது. திருப்பி வைங்க."

"கிறுக்கினது வெளிய இருந்தா நல்லாவா இருக்கும்? மழமழன்னு இருக்கணும். நீ கலவயக் கொட்டு."

அவள் கொட்டினாள். அன்றைய கூலிக்கு அதுதான் வேலை. கல்லின் பின்முகத்தை மெஷின் வைத்து இழைத்து வெளியே காட்டினார்கள். பிறகு சுவர் முழுக்க மணலைப் பீய்ச்சி அடித்து ஒரே நிறமாக்கினார்கள்.

கும்பாபிஷேகம் முடிந்ததும் அவள் மகளை அழைத்துப்போய்க் காட்டினாள். இசைவாணி தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள்.

"பிரிச்சிக் கட்டறது தப்பில்லம்மா. வுட்டிருந்தா இடிஞ்சி வுழுந்திருக்கும். கல்லு அதே கல்லுதான்."

"பிரிச்சது தப்புன்னு நான் சொன்னேனா? ஆடு குடுத்தவ அதுல பேசிக்கினு இருந்தா. வாயில கலவயப் போட்டு அடச்சிட்டோம். நானும்தான் அடச்சேன்."

ஒரு கல்லுக்காக யாரும் சுவரைப் பிரிக்க மாட்டார்கள் என்றாள் இசைவாணி. எந்தக் கல் என்று கேட்கவில்லை. அம்மா விரல் நீட்டியபோது அவள் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கருமாதி முடிந்த மறுநாள் இசைவாணி தனியாகக் கோயிலுக்குப் போனாள். சென்னையிலிருந்து ஒரு வேன் வந்து நின்றது. கூட வந்த வழிகாட்டி கையை வீசிச் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி எப்படி இருந்துச்சோ, அச்சு அசலா அப்படியே இருக்குது, பாருங்க."

"பொய்," என்றாள் இசைவாணி. எல்லோரும் திரும்பினார்கள். "அந்தச் செவுத்துல எழுத்து இருந்துச்சு. எங்க போச்சுன்னு அதோ நிக்கறாரே, அந்தச் சூப்பர்வைசரக் கேளுங்க."

பிரகாரத்தில் தளக்கல் பதிக்கும் வேலையை மேற்பார்த்துக்கொண்டிருந்த அன்புச்செல்வன் ஓடிவந்தான்.

"மேடம், விசயம் தெரியாம பேசாதீங்க. நம்பர் எல்லாத்தையும் கழுவுனது உங்கம்மாதான். கேஸ் ஆனா அவங்க பேருதான் மொதல்ல வரும்."

"சாக்பீஸ்ல எழுதுனது எங்கம்மாவா?"

அவன் வேன்காரர்களை அந்தப் பக்கம் போகச் சொல்லிக் கையைக் காட்டினான்.

"நான் ரோட்டுல ஒரு ஆணி அடிச்சாகூட மூணு எடத்துல அளவு எழுதி வெக்கறேன். மழ பேஞ்சா அழியற எழுத்துல கோயிலயே எழுதி வெச்சிட்டு, கழுவுனவ மேல பழியப் போடறியா? எழுத்து உள்ள போவுதுன்னு அவ சொன்னாளா இல்லியா?"

"சொன்னாங்க."

"அப்ப பிரி."

"எதப் பிரிக்கறது?" அவன் வடக்குச் சுவரைக் காட்டினான். "நீங்களே காட்டுங்க மேடம்."

நாற்பதுக்கு மேற்பட்ட கற்கள். எல்லாம் ஒரே வெளுப்பு, ஒரே வழவழப்பு. இசைவாணி இடுப்பு உயர வரிசையைத் தடவிக்கொண்டே இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை போனாள். காட்டத் தெரிந்தவள் ஒருத்திதான். அவள் காட்டியபோது பார்க்காத கண் தன்னுடையது. அந்தக் கோபத்தை அவனிடம் இறக்கி வைக்க முடியவில்லை. வேன்காரர்கள் படம் எடுத்து முடித்துக் கிளம்பினார்கள்.

வீட்டு வாசலில் பக்கத்து வீட்டு அமிர்தம் காத்திருந்தாள். அம்மாவோடு நடவுக்கும் சித்தாள் வேலைக்கும் கூடவே போனவள். நாலாக மடித்த வெள்ளைத் தாள் ஒன்றை நீட்டினாள்.

"உங்க வூட்ல எலி ஜாஸ்தின்னு எங்கிட்ட குடுத்து வெச்சிருந்தா."

தாளின் அடியில் ஊதா மையில் ஒரு கைநாட்டு. மேலே ஒன்றும் இல்லை.

"இன்னா அத்தே இது?"

"மனு. திங்கக்கெழம கலெக்டர் ஆபீசு வாசல்ல எழுதிக் குடுக்கற ஆளு இருக்காராம். அங்க மை இல்லன்னா இன்னா பண்றதுன்னு ரேசன் கடைலயே கைநாட்டு வெச்சிக்கினு வந்துட்டா. அவசரக்காரி." அமிர்தம் மூக்கைச் சிந்தினாள். "தொணைக்கி வரியான்னு கேட்டா. நடவு கெடக்குது, அடுத்த வாரம் போலாம்டின்னேன். ஒத்துக்கல. நீ வராட்டி போ, நான் எட்டேகால் வண்டிக்கே போறேன்னா."

அவள் போவதாகச் சொன்ன அந்தத் திங்கட்கிழமை காலையில்தான் பெரியம்மாளுக்குப் பால் தெளித்தார்கள். எட்டேகால் பஸ் கள்ளக்குறிச்சிக்குப் போயிற்று.