யூனிக்ஸின் முதல் நாள்

நனைந்த வெட்டிவேர் வாசனை எங்கே அடித்தாலும் எனக்கு அமீர்பேட் ஞாபகம் வந்துவிடும். மே மாத வெயிலில் மொட்டைமாடித் தகரக் கூரைக்குக் கீழே நடக்கும் கம்ப்யூட்டர் வகுப்புகளில் வெட்டிவேர்த் தட்டி வைத்த "கூலர்" இரைந்துகொண்டிருக்கும்; அதன் எதிரே இருக்கும் பெஞ்சைப் பிடிக்க அம்மா என் கையை இழுத்துக்கொண்டு படியேறுவாள். இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்கள் அவை. திருச்சியில் கணக்கில் எம்.எஸ்ஸி. முடித்து, கல்யாணமாகித் தெலுங்கு ஊருக்கு, அமீர்பேட்டிலிருந்து ஒரு பஸ் தூரத்தில் இருந்த குகட்பள்ளிக்கு வந்த அவளுக்கு எப்படியாவது சாஃப்ட்வேர் வேலைக்குப் போய்விட வேண்டுமென்று ஒரே பிடிவாதம். பீஸ் கட்ட வழியில்லை. எட்டு வயதுப் பெண்ணான என்னை விட்டுவிட்டு வர வீட்டில் ஆளும் இல்லை. ஆனால் அமீர்பேட்டில் எந்த வகுப்பிலும் முதல் நாள் இலவசம். அதற்கு "டெமோ" என்று பெயர். அம்மா தெருத் தெருவாக, மாடி மாடியாக, முதல் நாளை மட்டும் படித்துக்கொண்டிருந்தாள்.

முதல் நாளில் யாரும் பாடம் நடத்துவதில்லை, கதைதான் சொல்வார்கள். அப்படி யூனிக்ஸ் பிறந்த கதையை நான் எத்தனையோ சார்களின் தெலுங்கிலும் இங்கிலீஷிலும் கேட்டேன். அமெரிக்காவில் ஒரு டெலிபோன் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடம். ஒரே கம்ப்யூட்டரைப் பலர் பகிர்ந்துகொள்ள ஒரு பிரம்மாண்டமான திட்டம். அது இழுத்துக்கொண்டே போனதால் கம்பெனி கையைக் கழுவிவிட்டது. அதில் வேலை பார்த்த ஒருவருக்கு, மூலையில் யாரும் சீண்டாமல் கிடந்த சின்ன கம்ப்யூட்டர் ஒன்று கிடைத்தது. முதலில் அதில் விண்கல விளையாட்டு விளையாடினாராம். இந்த இடத்தில் நான் நிமிர்ந்து உட்காருவேன். பிறகு மனைவி கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போக, கிடைத்த மூன்றே வாரத்தில் யூனிக்ஸை எழுதி நிற்கவைத்துவிட்டார். மனைவி ஊருக்குப் போகும் இடத்தில் வகுப்புக்கு வந்திருக்கும் ஹாஸ்டல் பையன்கள் எல்லாரும் சிரிப்பார்கள். அம்மாவும் சிரிப்பாள்.

அதே கதைதானா என்று நான் அலுத்துக்கொண்டால், "தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்காதே" என்பாள். திரும்பி வரும் பஸ்ஸில் மட்டும் அவள் முகம் மாறும். "பொண்டாட்டி புள்ளையோட ஊருக்குப் போனா, அவனுக்கு மூணு வாரம் கெடச்சுது. நான் யாரை அனுப்பறது?" என்று என்னைப் பார்ப்பாள். "நக்கோம்மா, வேண்டாம்மா" என்று நான் அவள் புடவையைப் பிடித்துக்கொள்வேன்.

கடைசியில் ஒரு வாசலில் பேர் எழுதிக்கொண்டிருந்த பெண், "மேடம், மீரு மொன்ன கூட ஒச்சாரு கதா" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள். முந்தாநாளும் வந்தீர்களே என்று கேட்டதில் அம்மா கூனிக்குறுகிப் போனாள். அன்று வீட்டில் விஷயம் தெரிந்துகொண்ட அப்பா, "பீஸை நான் எப்படியாவது பொரட்டறேன். பாப்பாவைத் திருச்சியில பெரியம்மா வீட்டுல விட்டுட்டு வரேன், நீ முழுசாப் படி" என்றார்.

மூன்று வாரம் கழித்துத் திருச்சியிலிருந்து நான் திரும்பி வந்தபோது அம்மாவுக்கு இரண்டாம் நாளும் அதற்கு மேலும் தெரிந்திருந்தது. சீக்கிரமே வேலையும் கிடைத்தது. அதன்பிறகு பள்ளிவிட்டு வந்து, கழுத்தில் மாட்டியிருந்த சாவியால் நானே பூட்டைத் திறந்தேன். அவள் ஜெயித்ததில் எனக்குப் பெருமைதான். ஆனால் பக்கத்தில் உட்கார அம்மா இல்லை.

இன்று யூனிக்ஸின் பேரன் பேத்திகள் எல்லார் கையிலும் செல்போனாக இருக்கின்றன. டெமோவும் அந்தச் செல்போனுக்குள்ளேயே போய்விட்டது. தகரக் கூரைகள் இருந்த இடங்களில் கண்ணாடிக் கட்டடங்கள். ஓய்வுபெற்றுவிட்ட அம்மாவோடு போன மாதம் மெட்ரோவில் அந்தப் பக்கம் போனேன். வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"பீஸ் கட்டின வகுப்புலயும் முதல் நாள் அதே கதைதான்டி. பழக்கதோஷம், பக்கத்துல கைப்பையை வெச்சு உனக்கு இடம் போட்டிருந்தேன். அவன் பொண்டாட்டி புள்ளையைத் தூக்கிட்டு ஊருக்குப் போனான்னதும் எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல. உடனே உன்னைக் கூட்டிட்டு வரச் சொல்லலாமான்னு இருந்துச்சு. அப்புறம், மூணு வாரந்தானேன்னு விட்டுட்டேன்."

எனக்கு அந்த மூன்று வாரம் இன்னும் முடியவில்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது?