தூங்குகிறானா, குடிக்கிறானா

இந்த ஊரில் கைக்குழந்தையோடு தெருவில் இறங்கினால், முன்பின் தெரியாதவர்கள்கூட நின்று ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "டோர்ம் பெங்?" இராத்திரி நன்றாகத் தூங்குகிறானா என்று. போர்ச்சுகலுக்கு வந்து இரண்டு வருடத்தில் நான் கற்ற பாஷை பழத்தோட்ட வேலைக்குத்தான் போதும். ஆனால் மகன் பிறந்த ஒரே வாரத்தில் இந்தக் கேள்வி மனப்பாடமாகிவிட்டது, பதிலும் கூடவே. "டோர்ம் முய்ந்து." நிறையத் தூங்குகிறான். கேட்டவர்கள் எங்களை மெச்சுவதுபோல் சிரிப்பார்கள்.

எங்களுக்கும் அந்தத் தூக்கம் தேவைப்பட்டது. வீட்டின் நான்கு அறைகளில் ஒன்று எங்களுடையது. மற்றவற்றில் இருந்த ஆண்கள் எல்லோரும் விடியுமுன் தோட்ட வண்டி ஏறுபவர்கள். பிள்ளை அழுது அவர்கள் தூக்கம் கெட்டால் வேறு இடம் பார்க்க வேண்டும் என்று வீட்டுக்காரர் முன்பே சொல்லிவிட்டார். நான் ஆந்திர எல்லையில் நாகலாபுரத்தில் எட்டாவதோடு நின்றவன். பலமனேர் மண்டியில் தக்காளிக் கூடை தூக்கினேன், சித்தூரில் கல் அறுத்தேன், குவைத்தில் வண்டி ஓட்டினேன். எங்கும் படுக்க இடம் கிடைத்தால் சத்தமில்லாமல் இருந்துவிடுவேன். மகனும் என்னைப்போல என்று நினைத்தேன்.

என் மனைவி மோகனாவின் அக்கா வசந்தா, திருப்பதியில் ஒரு டிபன் கடையில் வேலை செய்பவள், போனில் வந்தாள்.

"நல்லாத் தூங்கிக்கினே இருக்கான்க்கா. ஆறு மணி நேரமா அசையல."

"தூங்கறத யாருடி கேட்டாங்க? எத்தினி வாட்டி பால் குடிச்சான்? மூத்திரத் துணி எத்தினி?"

"இங்க துணி ஏதுக்கா, டயப்பர்தான். அவன் எழுந்தாத்தான மாத்தறது."

"ஏன்டி, புள்ளய வளக்கறியா, கட்டில வளக்கறியா?"

நாங்கள் சிரித்துவிட்டோம். சிரித்திருக்கக் கூடாது. வசந்தாவின் மூத்தவள் பிறந்தபோது நாகலாபுரத்தில் வாசல் கொடி முழுக்கத் துணி காயும். ஒருநாள் எதிர்வீட்டு அம்மா தெலுங்கில் கேட்டார், "ஏமம்மா, ஈரோஜு குட்டலு தக்குவ?" இன்றைக்குத் துணி குறைகிறதே என்று. உடனே பிள்ளையை எடுத்துப் பால் கொடுத்தார்கள். பிள்ளை இராத்திரி எழுவதை அங்கே யாரும் குறையாகச் சொன்னதில்லை. குடித்ததா என்பதுதான் தெருவுக்கே கவலை. இங்கே டயப்பர் பையில் கட்டிக் குப்பைக்குப் போகிறது. கேட்க யாரும் இல்லை.

பன்னிரண்டாம் நாள் சுகாதார நிலையத்தில் நர்ஸ் ஏதோ கேட்டார். எனக்குப் புரியவில்லை. வழக்கம்போல "டோர்ம் முய்ந்து" என்றேன். அவர் சிரிக்கவில்லை. உடையைக் கழற்றித் தராசில் வைத்தார். பிறந்தபோது இருந்ததைவிட எடை குறைவு. போனில் மொழிபெயர்த்துக் காட்டினார்: பால் போதவில்லை, பசிக்கு எழும் தெம்பில்லாமல் தூங்குகிறான், மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எழுப்புங்கள். ஈரப்பஞ்சால் உள்ளங்காலைத் தேய்த்தார். அவன் அழுதான். அது எங்கோ அடுத்த வீட்டுப் பிள்ளை அழுவதுபோல் அவ்வளவு மெலிந்து கேட்டது. மோகனா என்னைப் பார்க்காமல் அவனை வாங்கிக்கொண்டாள்.

அன்றிலிருந்து நாங்களே எழுப்புகிறோம். எடை ஏறத் தொடங்கியிருக்கிறது. அழுகையும் பலமாகிவிட்டது. சுவரை இரண்டு முறை தட்டினார்கள், மூன்றாம் முறை வீட்டுக்காரரே வந்தார். இந்த மாதக் கடைசிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும். குழந்தை என்று சொன்னதும் மற்ற இடங்களில் கதவை மூடுகிறார்கள்.

நாங்கள் அசந்துவிடமாட்டோம் என்று வசந்தா நம்புவதில்லை. இங்கே இரவு இரண்டரை என்றால் திருப்பதியில் காலை எட்டு, கடையில் கூட்டம். அந்த நேரத்தில் தவறாமல் அழைப்பாள்.

"எழுப்புடி. எழுப்பினியா?"

போனைத் தலையணையில் வைக்கிறோம். தட்டு விழுகிற சத்தம், தெலுங்கில் யாரோ சட்னி கேட்கிற சத்தம், தோசைக்கல்லில் தண்ணீர் தெளிக்கிற சத்தம். வெளியே போர்ச்சுகல் இருட்டில் கிடக்கிறது. என் மகன் கண்ணைத் திறக்காமல், தான் பார்த்திராத ஓர் ஊரின் காலை நேரத்துக்குப் பால் குடிக்கிறான்.