நாற்பதாம் எண்ணுக்கு அப்பால்

இதைப் படித்துவிட்டு "கதை நல்லா இருக்கு சார்" என்று யாரும் சொல்ல வேண்டாம். எனக்குக் கோபம் வரும். இது கதையில்லை, எனக்கு நடந்தது. அதுவும் பட்டப்பகலில்.

நான் மலைகளில் கனிமம் தேடும் ஜியாலஜிஸ்ட். கல்லைத் தவிர எதையும் லேசில் நம்பாத ஆள். அந்த மலையில் இருந்தது ஒரு சின்னக் கனிமப் படிவுதான். வெங்கச்சங்கல் என்கிற வெள்ளைப் படிகக் கல்லுக்குள் ஒரு முழ அகலத்துக்கு ஈயம், துத்தநாகம், செம்பு, துளி வெள்ளி எல்லாம் கலந்து ஓடியது. நாற்பது வருடத்துக்கு முன்பு ஒரு கம்பெனி அதைத் துரத்திக்கொண்டு மலைக்குள் எண்பது மீட்டர் சுரங்கம் குடைந்தது. இரண்டு மீட்டருக்கு ஓரிடத்தில் கல்லை வெட்டி எடுத்து, சுவரில் வெள்ளை பெயின்ட்டால் எண் போட்டது. ஒன்றிலிருந்து நாற்பது வரை. பிறகு திடீரென்று விட்டுவிட்டுப் போய்விட்டது. ஏன் என்று எனக்குக் கொடுத்த பழைய வரைபடத்தில் இல்லை. அதே இடங்களில் மறுபடி கல் எடுப்பது என் வேலை.

உதவிக்கு என் மச்சினன். என் மனைவிக்குக் கூடப்பிறந்தவன் அவன் ஒருவன்தான். கிளம்பும்போது அவள் சொன்னாள்: "நீங்கதான் கூட்டிட்டுப் போறீங்க. நீங்கதான் கூட்டிட்டு வரணும்."

"உன் தம்பி சாப்பிடுற சாப்பாட்டுக்கு அவனை எந்தப் பேயாலயும் கட்டி மேய்க்க முடியாது" என்றேன். இன்று நினைத்தாலும் அந்த வார்த்தை உறுத்துகிறது.

நான் சுவரைப் பார்த்தபடி உளியால் வெட்டுவேன். அவன் என் முதுகுக்குப் பின்னால் நின்று நோட்டில் எழுதுவான். பையைக் கட்டியதும் நான் எண்ணைச் சொல்ல வேண்டும், அவன் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். எண் மாறினால் மொத்த உழைப்பும் பாழ். அதனால் திருப்பிச் சொல்லும் குரல் கேட்காமல் நான் அடுத்த இடத்துக்கு நகர்வதில்லை.

"இருபத்தெட்டு."

"இருபத்தெட்டு."

மணி அப்போது 2:05. அதற்கு அப்புறம்தான் ஏதோ மாறியது. வழக்கமாக இரண்டு எண்களுக்கு நடுவே "பசிக்குது மாமா" என்பான். இல்லையென்றால் பாட்டு முணுமுணுப்பான். இப்போது எண் மட்டும் வந்தது. கோபமாக இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

முப்பத்தொன்றில் கவனித்தேன். சுவரில் என் தலைவிளக்கின் வெளிச்சம் மட்டும்தான், அவன் விளக்கின் வெளிச்சம் விழவில்லை. இருட்டில் எப்படி எழுதுகிறான்?

"லைட் எங்கடா?"

திரும்பிப் பார்க்காமலே அடுத்த பையைக் கட்டினேன்.

"முப்பத்திரெண்டு" என்றேன்.

"முப்பத்திரெண்டு."

முப்பத்தாறில் குரல் எனக்குப் பின்னால் இல்லை. முன்னால், சுரங்கத்தின் உட்பக்கத்திலிருந்து வந்தது. அந்தச் சுரங்கத்தில் இரண்டு பேர் உரசாமல் கடக்க முடியாது. என்னை யாரும் உரசவில்லை.

2:46. நாற்பது.

வரைபடத்தின்படி அங்கே சுவர் இருக்க வேண்டும். ஆனால் கூரை இடிந்து கற்குவியல் கிடந்தது. உச்சியில் ஓர் ஆள் தவழ்ந்து போகிற அளவுக்கு இடைவெளி. அதற்குள்ளிருந்து...

"நாப்பத்தொண்ணு."

நான் அந்த எண்ணைச் சொல்லவே இல்லை.

பைத்தியக்காரப் பயல் உள்ளே போய்விட்டான். எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. அவன் அக்காவின் முகம்தான் கண்முன் நின்றது. குவியலில் ஏறி, தலையையும் தோளையும் உள்ளே நுழைத்தேன்.

"வெளிய வாடா!"

"நாப்பத்திரெண்டு..." இன்னும் உள்ளே.

கூரையிலிருந்து சின்னக் கல் விழுந்தது. டக்.

இன்னொன்று. டக்.

அப்போது எனக்குப் பின்னால், வெகு தூரத்தில், சுரங்க வாசலில்...

"மாமா! எங்க இருக்கீங்க?"

என் மச்சினன்.



என் முகத்துக்கு நேரே, ஒரு சாண் தூரத்தில்...

"நாப்பத்திமூணு."

எப்படி ஓடினேன் என்று தெரியாது. பின்னால் தடதடவென்று மலையே சரிகிற சத்தம். வாசலில் அவன் புது பேட்டரியோடு நின்றான்.

"எங்கடா போன?"

"லைட் போயிருச்சு, வண்டியில இருந்து பேட்டரி எடுத்துட்டு வரேன்னு சொன்னேனே. நீங்ககூட 'ம்'னு சொன்னீங்க."

"எப்போ?"

"இருபத்தெட்டு முடிச்சதும்."

நான் 'ம்' சொல்லவில்லை.

ஒரு மாதம் கழித்து அந்தக் கம்பெனியின் பழைய விபத்து அறிக்கை கிடைத்தது. நாற்பதாம் எண்ணுக்கு அப்பால் கூரை இடிந்து, எண் எழுதிக்கொண்டிருந்தவன் புதைந்தான். கொஞ்ச நேரத்தில், பகல் 2:50 மணிக்கு, இன்னொருவன் யார் தடுத்தும் கேட்காமல் உள்ளே போனான். புதைந்தவன் எண்ணைத் திருப்பிச் சொல்வது தன் காதில் விழுகிறது என்றானாம். அவன் மேலும் கூரை விழுந்தது. இரண்டு உடல்களையும் எடுக்கவில்லை.

அறிக்கையின் கடைசியில் நெருங்கிய உறவு என்று ஒரு கட்டம். முதல் ஆளுக்கு நேரே 'அக்கா' என்று எழுதி ஒரு பெயர். இரண்டாவது ஆளுக்கு நேரே 'மனைவி' என்று எழுதி ஒரு பெயர்.

இரண்டும் ஒரே பெண்ணின் பெயர்.