போனைப் பார்த்துச் சம்பந்தம் பேசினேன்

என் வாயைப் பற்றி வீட்டில் யாருக்கும் நல்ல அபிப்ராயம் இல்லை. மகளுக்கு முதலில் வந்த வரனின் அப்பாவிடம், அவருடைய வழுக்கையைப் பற்றிச் சின்னதாக ஒரு ஜோக் அடித்தேன். மனிதர் சாயாவைத் தொடாமல் எழுந்து போனார்.

அடுத்தது மகள் தானே விரும்பிய பையன். அவனுடைய பெற்றோர் திருச்சியிலிருந்து மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். "இது கெட்டுப்போனா உன்னோட பேசவே மாட்டேன்ப்பா" என்றாள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போச்சு.

வழியும் அவளே சொன்னாள். போனில் ஒரு செயலி. எதிராளி பேசுவதைக் கேட்டு, அதற்குத் தக்க தகவலை நெட்டில் தேடித் திரையில் போடும். பார்த்து ஒப்பித்தால் நானும் அறிவாளி. ஒரே சிக்கல், தமிழில் பேசினால் தகவலும் தமிழில் வரும். நான் படித்ததோ மலையாளப் பள்ளிக்கூடம். தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். இதைக்கூட நான் சொல்லச் சொல்ல போன்தான் எழுதுகிறது.

பையனின் அப்பா அணைக்கட்டு எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். உட்காரும்போதே அணையைத் தொடங்கிவிட்டார். பழத்தட்டில் போனைச் சாய்த்து வைத்தேன்.

"அந்தக் காலத்து அணையெல்லாம் சுண்ணாம்புக் கட்டுமானம்" என்றார்.

திரையைப் பார்த்தேன். "சுர்க்கி, அதான் செங்கல் பொடி, அதுவும் சேர்த்திருப்பாளே?"

அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். என் மனைவி, யார் வீட்டுக்காரரோ என்பதுபோல் என்னைப் பார்த்தாள். எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது.

அடுத்து அவர் அணையில் விழும் விரிசலுக்குப் போனார். திரையில் நீளமாக ஒரு பத்தி வந்தது. குனிந்து எழுத்துக்கூட்ட ஆரம்பித்தேன். அதற்குள் பேச்சு மாறி, பையனின் அம்மா தன் முட்டிவலியைச் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழவேயில்லை. படித்து முடித்து நிமிர்ந்தால் அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"துளை போட்டு சிமெண்ட் பாலை உள்ளே செலுத்தணும்" என்றேன், கம்பீரமாக. "கசிவு நின்னுடும்."

"என் முட்டியிலயா?"

மகள் கண்ணை மூடிக்கொண்டாள். போனை அவர்கள் பக்கம் திருப்பி வைத்தேன்.

"மன்னிக்கணும். நான் அணையைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள நீங்க முட்டிக்கு வந்துட்டேள். சொந்தமா வாயைத் திறந்தா இந்த இடத்தைக் கெடுத்துடுவேனோன்னு பயம். பொண்ணுக்கு உங்க பையனை அவ்வளவு பிடிச்சிருக்கு."

அந்த அம்மா போனை எடுத்து, விரிசல் பத்தியை முழுக்கப் படித்தார்.

"கல்யாணம் ஆன நாள்லேருந்து இவரோட அணைக்கதையைக் கேக்கறேன். மனுஷர் ஒருத்தர் இதுக்காக உக்காந்து படிச்சு நான் பார்த்ததில்ல" என்றவர் கணவரிடம் திரும்பினார். "நாள் பாருங்க. இவரை விட்டா உங்களுக்கு ஆள் கிடைக்காது."

சம்பந்தி முகம் மலர்ந்து அடுத்த அணைக்குப் போனார். இந்த முறை நிஜமாகவே கேட்டேன். வேறு வழி?